மணி அடித்தால்தான் நகரும் வீடு

எங்களுக்கு அறை இல்லை என்று சொன்ன விடுதிகளின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர்களுக்கு விளம்பரம். மூன்று ஊரில் ஐந்து விடுதிகள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். ஐந்திலும் கதை ஒன்றுதான். நான் முன்னால் போய்க் கேட்கும்போது அறை இருக்கும். பின்னாலேயே என் வீட்டுக்காரர் படியேறி வந்து இரண்டு தடவை இருமினால் போதும், இருந்த அறைக்கெல்லாம் அந்த நிமிஷமே ஆள் வந்துவிடும்.

அவருக்கு இருந்தது ஒட்டுகிற நோய் இல்லை. கோலார் தங்கவயலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது கல்தூசி. சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடுகிற வேலையில் இருபது வருஷமாக மூக்கு வழியே போன தூசி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. முனிரத்தினம் என்று பெயர். ஒரு காலத்தில் துளை போடும் மிஷினைத் தனியாளாகத் தோளில் தூக்கியவர், இப்போது சட்டையைப் போட்டுக்கொள்ளவே இரண்டு தடவை மூச்சு வாங்குவார். நான் வள்ளியம்மா. தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் சோடா கம்பெனி நடத்துகிறவள்.

ஒருநாள் நான் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "வள்ளி, சொரங்கத்துல நாங்க வேல செஞ்ச அடி லெவலு கடல் மட்டத்துக்கும் கீழன்னு சர்வே டொர ஒருத்தன் சொன்னான். அப்போ நான் இருவது வருசம் கடலுக்குக் கீழ போயி வந்தவன். ஆனா கடல ஒரு தடவ கண்ணால பாத்ததில்ல. இன்னா பொழப்பு இது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. டாக்டரிடம் போய்க் கேட்டேன். பயணமெல்லாம் வேண்டாம், வீட்டிலேயே படுக்க வையுங்கள் என்றார். படுக்க வைத்தால் குணமாகிவிடுமா என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்றைக்கே முடிவு கட்டினேன். இந்த மனுஷன் கடலில் கால் வைக்க வேண்டும், மூச்சு இருக்கும்போதே வைக்க வேண்டும். அறை கொடுக்க மாட்டேன் என்கிறவன் வாசலில் இனி நிற்கக் கூடாது. அறையை நாமே இழுத்துக்கொண்டு போனால் ஆயிற்று.

வெள்ளைக்காரத் துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய காலம் அது. பங்களா சாமான்கள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. பியானோ, மீன் தூண்டில், குளிக்கிற தொட்டி என்று என்னென்னவோ. ஒரு எஞ்சினியர் துரையின் பங்களாவுக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரத்தடியில் இரண்டு சக்கரத்தின்மேல் ஒரு தகரப் பெட்டி நின்றிருந்தது. உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சு, நடுவில் மடக்கு மேஜை, ஓரத்தில் அடுப்பு மேடை, இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல், முன்னால் ஒரு சின்ன ஜன்னல். மேஜையை இறக்கிப் பலகை போட்டால் கட்டில். துரை அதைக் காரின் பின்னால் மாட்டி ஊட்டிக்கு இழுத்துப் போவாராம். நான் பார்த்தபோது அதில் சமையல்காரரின் கோழிகள் குடியிருந்தன.

ஏலத்துக்கு வந்த குமாஸ்தா ஒருவர், "சோடாக்காரம்மாவுக்கு இது இன்னாத்துக்கு? கோழி வளக்கவா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. "ஆமா, நீங்க வந்து முட்ட போடுங்க" என்றேன். அதற்கும் சிரித்தது. வேறு யாரும் விலை கேட்கவில்லை, பெட்டி எனக்கு வந்தது. பஜாரில் அதற்கு 'டொர பொட்டி' என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்கும் அது பொட்டிதான்.

சோடா கொண்டுபோக எங்களிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது, பட்டாளத்தில் ஓடித் தேய்ந்தது. ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் ஒருவர் அதன் பின்னால் ஓர் இரும்புக் குண்டைப் பற்றவைத்தார். பொட்டியின் மூக்கில் ஒரு கிண்ணம். கிண்ணம் குண்டின்மேல் கவிழ்ந்து உட்காரும், மேலே ஒரு பூட்டு, போதாதென்று ஒரு சங்கிலி. முன்னால் போவது சுலபம். பின்னால் எடுப்பதுதான் உயிரை வாங்கும். பொட்டி வலப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டு ஓரத்தில் ஒரு வாரம் பழகினோம். பொட்டியின் ஒரு மூலை நசுங்கிய பிறகு பழக்கம் வந்தது.

ஓட்டுகிறவர் என் அண்ணன் ஏகாம்பரம். என் வீட்டுக்காரர் வேலை செய்த பாலகாட் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அதை இரும்பு வடத்தில் இறக்குவதும் தூக்குவதும் வைண்டிங் டிரைவர் வேலை. எஞ்சின் ரூமில் உட்கார்ந்திருக்கும் அவர் கண்ணுக்குக் கேஜ் தெரியாது. மணிச் சத்தம் வரும், அதுதான் அவருக்குக் கண். ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து. மூன்று அடித்தால் உள்ளே மனுஷன் இருக்கிறான், பார்த்து ஓட்டு. மூன்றும் இரண்டும் என்றால் ஆளைக் கீழே இறக்கு. மூன்றும் ஒன்றும் என்றால் ஆளை மேலே தூக்கு. முப்பது வருஷம் இந்தக் கணக்கிலேயே வாழ்ந்தவர், பொட்டியை மட்டும் சும்மா இழுப்பாரா? தன் தலைக்குப் பின்னால் ஒரு வெண்கல மணியைத் தொங்கவிட்டு, அதன் கயிற்றைப் பொட்டியின் முன் ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். வீட்டுக்காரர் வண்டிப் புகையில் உட்கார முடியாது, அதனால் அவரும் நானும் பொட்டியில். கயிறு என் கையில்.

"கடலு கீழ கீது. அதனால போறப்போ மூணும் ரெண்டும் அடி. வர்றப்போ மூணும் ஒண்ணும்" என்றார் அண்ணன்.

"ரோட்ல போற வண்டிக்கு ஏத்தம் எறக்கம் இன்னாண்ணா? கிளம்புன்னா கிளம்ப வேண்டியதுதானே" என்றேன்.

"மணி சரியா வரலன்னா நான் கிளம்ப மாட்டேன். உன் இஷ்டம்."

முதலில் பூதிகோட்டை வரை ஒரு வெள்ளோட்டம் போனோம். அதில் அண்ணன் செய்த தப்பை வேறு ஊர்க்காரன் செய்யமாட்டான். சுரங்கத்தில் ஒரு கேஜ் இறங்கினால் மறு கேஜ் ஏறும், இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு. அந்த நினைப்பில், முன்பக்கம் அடுப்பும் ஆளும் இருக்கிறதே என்று அரிசி மூட்டை, தண்ணீர் டிரம், சோடா கிரேட் எல்லாவற்றையும் பின்பக்கம் ஏற்றி ஈடு கட்டிவிட்டார். ஊர் தாண்டிய இறக்கத்தில் பொட்டி ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக. ஜன்னலில் ஒரு தடவை புளியமரம் வந்தது, ஒரு தடவை பள்ளம் வந்தது. நான் வீட்டுக்காரரை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் கயிற்றை இழுத்தேன். ஒரே மணி. வண்டி நின்றது.

எதிரே மாட்டு வண்டியில் வந்த பூதிகோட்டை விவசாயி ஒருவர் இறங்கி வந்து பொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "வாலில் பாரத்தை வைத்தால் மாடே தடுமாறும், மோட்டார் தடுமாறாதா? மூக்குப் பக்கம் வை, மூடனே" என்று தெலுங்கில் திட்டினார். அண்ணனுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரி நின்றார். நானும் அந்த ஆளும் சேர்ந்து மூட்டையை முன்னுக்குத் தள்ளினோம். திரும்பி வரும்போது பொட்டி ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் வந்தது.

கிளம்புகிற அன்று பஜாரே கடைவாசலில் நின்றது. எதிர்க்கடை அம்மாள், "நோயாளிய இஸ்துனு போயி ரோட்ல சாவடிக்கப் போறியா வள்ளி?" என்று கேட்டாள். "வூட்ல செத்தா நீ வந்து தூக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தேன். மூன்று. இரண்டு. அண்ணன் கிளம்பினார். வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எல்லோருக்கும் ஏதோ மந்திரி மாதிரி கை காட்டிக்கொண்டு வந்தார்.

மைசூர் ராஜ்யம் முடிந்து மதராஸ் ராஜ்யம் தொடங்குகிற செக்போஸ்டில் மாட்டிக்கொண்டோம். அந்தப் பக்கம் மதுவிலக்கு. தங்கவயல் வண்டி என்றாலே அவர்களுக்கு மூக்கு வேர்க்கும். போலீஸ்காரர் பொட்டியை இரண்டு சுற்று சுற்றினார். "இது லாரியா, பஸ்ஸா?" என்றார். "வூடு" என்றேன். "வீட்டுக்கு எதுக்குச் சக்கரம்?" என்றார். "உங்கள மாதிரி ஆளுங்க நிறுத்திக் கேள்வி கேட்டா சீக்கிரம் போறதுக்கு" என்று நாக்கு நுனி வரை வந்தது. வீட்டுக்காரர் என் புடவையைப் பிடித்து இழுத்ததால் விழுங்கினேன். போலீஸ்காரர் உள்ளே ஏறி ஒவ்வொரு சோடா பாட்டிலாக முகர்ந்தார். கடைசியில் வீட்டுக்காரருடைய இருமல் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார். கண் பளபளத்தது. மூடியைத் திறந்து ஆழமாக முகர்ந்தார், பிறகு வேகமாக இறங்கிப் போய்விட்டார். அந்த மருந்தைத் தினம் மூன்று வேளை குடிக்கிறவரைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

மலை இறங்கி ஒரு கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த பஸ் எங்கள்மேல் ஏறாதது யார் செய்த புண்ணியமோ. நான் கயிற்றைத் தொடவே இல்லை. எட்டிப் பார்த்தால் ஓரமாக ஓர் ஐஸ்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மணி அடித்துக்கொண்டிருந்தார். விட்டு விட்டு, ஒவ்வொரு மணியாக. அண்ணன் நிறுத்திவிட்டார்.

பஸ்காரன் திட்டுகிறான், டிராஃபிக் போலீஸ் விசில் ஊதுகிறார், அண்ணன் கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருக்கிறார். நான் இறங்கி ஓடினேன்.

"இன்னாண்ணா இது? ஐஸ் விக்கிறவன் மணிக்கெல்லாம் நிப்பியா?"

"மணி மணிதான். அடிச்சா நிக்கணும். கேஜில கீறது ஆளா கல்லான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"போலீஸ்காரரு போகச் சொல்றாரே?"

"யாரு சொன்னா இன்னா? ஒருநாள் மேனேஜர் டொரயே எஞ்சின் ரூம்ல வந்து 'தூக்கு, தூக்கு'ன்னு கத்தினான். மணி வரல, நான் தூக்கல. அப்பறம் பாத்தா கீழ ஒருத்தன் ஒரு காலு கேஜில, ஒரு காலு வெளியில நின்னிருக்கான். அன்னைக்கு டொர பேச்சக் கேட்டிருந்தா?"

நடுரோட்டில் நின்று சத்தியம் வாங்கினேன். இனிமேல் எங்கள் கயிறு இழுத்து வருகிற மணிதான் மணி. வேறு யார் மணி அடித்தாலும், எங்கே அடித்தாலும் கணக்கில் இல்லை. ஐஸ்காரர் ஒன்றும் புரியாமல் எங்களுக்கு மூன்று ஐஸ் கொடுத்தார். பொட்டிக்குள் ஓடிப் போய் மூன்றும் இரண்டும் அடித்தேன்.

அன்று மாலை வேலூர். ஐந்து விடுதிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எங்களை மழையில் நிற்க வைத்த விடுதி. ஊரில் நிறுத்த எத்தனையோ இடம் இருந்தது. நான் அதற்கு நேர் எதிரே, வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். அது சுத்த சைவ விடுதி, பலகையிலேயே எழுதியிருக்கிறது. நான் அடுப்பைப் பற்றவைத்துக் கேழ்வரகுக் களி கிண்டினேன். பிறகு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். காற்றும் எங்கள் கட்சி. குழம்பு கொதித்து வாசனை ரோட்டைத் தாண்டிப் படியேறிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன் என்றே சொல்வேன்.

அதே மானேஜர் வந்தார். "இங்க இதெல்லாம் சமைக்கக் கூடாது. வண்டிய எடுங்க."

"சாமி, என்னைத் தெரியுதா? போன வருசம் ரூம் இல்லன்னு சொன்னீங்களே. அதான் ரூமோட வந்துட்டோம்."

"எங்க வாசல்ல..."

"வாசல் உங்களுது. ரோடு சர்க்காருது. பொட்டி என்னுது. கருவாடு இவருது."

பொட்டிக்குள் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அந்த இருமலைக் கேட்டதும் மானேஜர் இரண்டடி பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் அந்த விடுதியில் தங்கியிருந்த தையல் மிஷின் விற்கிற ஒருவர் நைசாக இறங்கி வந்து, "அம்மா, மூணு நாளா சாம்பாரும் ரசமுமா இருக்கு, தப்பா நினைக்காதீங்க" என்றார். களி அவருக்குப் புதிசு, மென்றுகொண்டே இருந்தார். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். இருமுகிறவர் பக்கத்தில் ஒரு வெளியாள் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று.

இரண்டாம் நாள் எனக்குத் திமிர் இறங்கிவிட்டது. கீழ்நாட்டு வெயில் தங்கவயல் வெயில் மாதிரி இல்லை, ஈரத்தோடு சேர்ந்து நெஞ்சைப் பிடிக்கிறது. பத்து மணிக்கே தகரம் காய்ந்து பொட்டி தகித்தது. அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உதடு நீலமாகிவிட்டது. ஒரு மணி அடித்து நிறுத்தி, புளியமர நிழலில் கதவைத் திறந்து வைத்து விசிறினேன். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் ஆயிற்று. எதிர்க்கடை அம்மாள் சொன்னது காதில் கேட்டது. பயந்துவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

"இன்னாங்க, திரும்பிடலாமா?" என்றேன்.

அவருக்குப் பேச மூச்சு இல்லை. கையை நீட்டி என் மடியில் கிடந்த கயிற்றை எடுத்தார். மூன்று தடவை இழுத்தார். இளைப்பாறினார். இன்னும் இரண்டு தடவை இழுத்தார். முன்னால் அண்ணன் எஞ்சினைக் கிளப்பினார். அதற்குப் பிறகு கயிறு வீட்டுக்காரர் கையைவிட்டு என் கைக்கு வரவே இல்லை.

சாயங்காலம் கடற்கரை சேர்ந்தோம். பெரிய ஊர் இல்லை. ஒரு மீனவர் குப்பம், ஒரு சவுக்குத் தோப்பு, அதன் ஓரத்தில் அதிகாரிகள் வந்து தங்குகிற ஒரு பங்களா. தோப்போரத்தில் கெட்டியான தரையாகப் பார்த்து நிறுத்தினோம். ஜன்னலைத் திறந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

"மச்சான்" என்று என் அண்ணனைக் கூப்பிட்டார். "இதுக்கும் கீழயா என்னை எறக்கின?"

"ஆமா மாப்ள. இதுக்கும் கீழதான்."

"அடப்பாவி" என்றார். சிரித்தார்.

அன்றைக்கு அவரால் மணலில் இறங்க முடியவில்லை. மறுநாளும் ஓய்வு. மூச்சு கொஞ்சம் அடங்கட்டும், அதற்கடுத்த நாள் காலையில் இறங்கலாம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு மீன்கார அம்மா கூடையோடு வந்து பொட்டியைத் தட்டிப் பார்த்தாள். "சினிமாக்காரங்களா?" என்றாள். இல்லை, தங்கச் சுரங்கத்துக்காரர்கள் என்றேன். "தங்கம் எடுக்கிறவங்களா? கழுத்துல ஒண்ணையும் காணோமே" என்றாள். "மீன் பிடிக்கிற வூட்ல தினம் வஞ்சிரமா சாப்பிடுறீங்க?" என்றேன். இருவரும் சிரித்தோம். துடிக்கிற சங்கரா மீனை இலையில் வைத்துக் கொடுத்தாள். எங்கள் ஊருக்கு மீன் கருவாடாகத்தான் வந்து சேரும். அப்படிப்பட்ட மீன் குழம்பை நான் அதற்கு முன் வைத்ததில்லை.

இறங்கலாம் என்றிருந்த நாளுக்கு முந்தைய நாள் காலையிலேயே பங்களாவின் குமாஸ்தா வந்துவிட்டார், கூடவே காவல்காரர் ஒருவர். மேலதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வருகிறாராம். அவர் ஜன்னலைத் திறந்தால் எங்கள் பொட்டி தெரியுமாம், பொட்டியின் கயிற்றில் காய்கிற என் புடவை தெரியுமாம். ஒரு மணி நேரத்தில் இடத்தைக் காலி பண்ண வேண்டும்.

"நாளைக்குக் காலையில போயிடுறோம். இவர் இன்னும் கடல்ல கால் வெக்கல" என்றேன்.

"கடல் எங்கேயும்தான் இருக்கு. வேற இடத்துல வெக்கச் சொல்லுங்க."

"இன்னொரு தடவ இவரால குலுங்கினு போக முடியாது சார்."

என்னோடு பேசிப் பயனில்லை என்று கண்டு குமாஸ்தா நேரே அண்ணனிடம் போனார். அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர், வண்டிய எடு."

"மணி வரல சார்."

"என்ன மணி?"

அண்ணன் பீடியை அணைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். உள்ளே ஆள் இருக்கிறது. ஆள் மணி அடித்தால்தான் வண்டி நகரும். இது ரூல்.

குமாஸ்தா பொட்டி வாசலுக்கு வந்தார். உள்ளே என் வீட்டுக்காரர் தலையணையில் சாய்ந்து, கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மணிய அடியா" என்றார் குமாஸ்தா. வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்த்து நன்றாக இருமினார். அது இயற்கையாக வந்த இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். குமாஸ்தா வெளியே குதித்தார்.

மறுபடி முன்னால் ஓடினார். இந்தத் தடவை மனுஷனுக்கு மூளை வேலை செய்தது. கதவு வழியாகக் கையைவிட்டு, அண்ணன் தலைக்குப் பின்னால் தொங்கிய மணியைத் தானே பிடித்து ஆட்டினார். டண் டண் டண் டண் என்று தோப்பே அதிர்ந்தது. ஐஸ்காரன் மணிக்கு நின்றவராச்சே இந்த அண்ணன், இந்த மணிக்கு வண்டியை எடுத்துவிட்டால்?

அண்ணன் அசையவில்லை. "கயிறு இழுத்து வர்ற மணிதான் சார் மணி. என் தங்கச்சிக்கு சத்தியம் பண்ணிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுவும் இல்லாம, இப்பிடி விடாம அடிச்சா கீழ விபத்துன்னு அர்த்தம். இப்போ நான் எடுக்கவே கூடாது" என்றார்.

காவல்காரர் பின்னால் போய்க் குண்டையும் கிண்ணத்தையும் பிரித்துப் பொட்டியைத் தள்ளிவிடலாமா என்று பார்த்தார். பூட்டின் சாவி என் இடுப்பில் இருந்தது. நான் அந்த இரும்பின்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். இதற்குள் குப்பத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். மீன்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆபீசர் வண்டி வர்றப்பல்லாம் வலைய சுருட்டச் சொல்வாங்க, நாங்களும் சுருட்டிட்டு ஓடியிருக்கோம். இன்னிக்கு யாரு ஓடுறா பாக்கலாம்" என்றாள் குமாஸ்தாவைப் பார்த்து.

அப்போது ஜீப் வந்தது. மேலதிகாரி இறங்கினார், வயிறு பெருத்த மனுஷர். கடலைப் பார்க்கவில்லை. எங்கள் பொட்டியையோ என் புடவையையோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாப்பாடு தயாரா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். குமாஸ்தா பின்னாலேயே ஓடினார். இவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா அந்த ஆட்டம் என்று எனக்கு அவமானமாகவே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரர் இறங்கினார். தூக்கிக்கொண்டு போகிறோம் என்று குப்பத்து ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். "கீழ சொரங்கத்துலயே நடந்துதான் போனேன். இங்க இன்னாத்துக்குத் தூக்கணும்?" பத்தடி நடப்பார், நிற்பார். இன்னும் பத்தடி. அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். ஈர மணல் வந்ததும் எங்கள் இருவர் கையையும் உதறினார். ஓர் அலை வந்து கணுக்கால் வரை நனைத்து, காலடி மணலைப் பிடுங்கிக்கொண்டு போனது. தடுமாறி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த அலை மார்பு வரை அடித்தது. "வா, வா" என்று அதை அதட்டினார். உள்ளங்கையில் அள்ளி வாயில் வைத்தார்.

"வேர்வ மாதிரியே கீது" என்றார். "கடைசி லெவல்ல சட்டையப் பிழிஞ்சா இப்பிடித்தான் இருக்கும்."

வெயில் ஏறும் வரை அவரை எழுப்ப முடியவில்லை. நானும் எழுப்பவில்லை. புடவையோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த மார்கழியை அவர் தாண்டவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்தால் தை பார்த்திருப்பார் என்று சொல்கிறவர்கள் உண்டு. கடலைப் பார்க்காமல் தையைப் பார்த்து என்ன செய்ய? அதன்பிறகு பொட்டி சும்மா நிற்கவில்லை. எங்கள் ஊரில் இருமுகிற வீடுகளுக்குப் பஞ்சமில்லை. கேட்ட வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன், கயிறும் மணியும் அண்ணனும் சேர்த்து. எதிர்க்கடை அம்மாளும் தன் தம்பிக்காக வந்து கேட்டாள். அவளுக்கும் கொடுத்தேன், கொடுக்கும்போது கொஞ்சம் பேசியும் அனுப்பினேன்.

ஆனால் என் பயணம் அந்தக் கடற்கரையில், கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட அவரைப் பொட்டியில் ஏற்றிய அந்தக் காலையோடு முடிகிறது. தலையைத் துவட்டினேன், வேட்டியை மாற்றினேன். மீன்கார அம்மா ஒரு கட்டுக் கருவாட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். முன்னால் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பங்களா வாசலில் குமாஸ்தா, இப்போதாவது போவோமா என்று பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். போகலாமா என்று நான் வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. அவர் ஜன்னல் வழியாக இன்னும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். குமாஸ்தாவைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு கயிற்றை எடுத்தார்.

மூன்று. கொஞ்சம் நிறுத்தி, ஒன்று.

அண்ணன் உடனே வண்டியை எடுக்கவில்லை. சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டதை முன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு, முப்பது வருஷம் ஒவ்வொரு ஷிஃப்டிலும் செய்த மாதிரியே, மெதுவாக, ஒரு குலுக்கலும் இல்லாமல், ஆளை மேலே தூக்கினார்.